கதவு மூடியே இருக்கிறது, விளக்கு மட்டும் அணையவில்லை: ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் 'டோர் அஜார்' கோளாறைப் பிடிக்கும் வழி

டேஷ்போர்டில் எரியும் 'டோர் அஜார்' விளக்குக்கு, அதாவது கதவு சரியாக மூடவில்லை என்று எச்சரிக்கும் விளக்குக்கு, கதவைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் சொல்வதைத்தான் அது நம்புகிறது. எஃப்-150 பிக்கப்பில் இந்த ஸ்விட்ச் வெளியே தெரியாது. பழைய கார்களில் கதவுச் சட்டத்தில் ரப்பர் மூடியோடு துருத்திக்கொண்டு நிற்கும் பட்டனைத் தேடினால் கிடைக்காது. கதவின் ஓரத்தில், சட்டத்தில் உள்ள ஸ்ட்ரைக்கர் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் நாக்கு ஒன்று இருக்கிறதல்லவா, அது சுழலும்போது உள்ளே ஸ்விட்ச் மாறும். அந்தச் செய்தி கதவுக்கும் அதன் கீல் பொருந்தியிருக்கும் வண்டித் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வழியாக வயரில் போய், உடல் மின்பகுதிகளைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடையும். விளக்கை ஏற்றுவது அந்தப் பெட்டி.

ஆகவே கோளாறு நான்கு இடங்களில் இருக்கலாம்: நாக்கு முழுதாகச் சுழலவில்லை, ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது, வயர் அறுந்தது அல்லது உரசுகிறது, பெட்டி கெட்டது. நடைமுறையில் முதல் மூன்றில்தான் பெரும்பாலும் முடியும். அளந்து பார்க்காமல் புதுப் பூட்டு வாங்கி மாட்டி, அதற்குப் பிறகும் விளக்கு எரிவதைப் பார்த்து விழிப்பவர்களே அதிகம்.

விளக்கு பொய் சொல்கிறது என்று முடிவுகட்டும் முன்

கதவை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். நாக்குக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் 'கிளிக்'கில் கதவு மூடியதுபோல் நிற்கும், ஆனால் பாதிப் பிடிப்புதான். இரண்டாவது 'கிளிக்'தான் முழுப் பிடிப்பு. பாதிப் பிடிப்பில் விளக்கு எரிந்தால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள்.

2015 முதல் 2017 வரையிலான எஃப்-150 வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உறைபனியில் பூட்டு இறுகிப்போவது, அதை இயக்கும் கேபிள் வளைவது ஆகிய காரணங்களால், மூடியதுபோல் தெரியும் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளக்கூடும் என்று 2017 அக்டோபரில் ஃபோர்டு ஏறத்தாழ 13 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஃபோர்டின் பெரிய பிக்கப்பான 2017 சூப்பர் டியூட்டியும் அதில் அடங்கும். பூட்டின்மேல் நீர்த்தடுப்பு மூடி பொருத்துவதுதான் அதற்கான தீர்வு. பழைய வண்டியாக வாங்கியிருந்தால், இந்த வேலை நடந்திருக்கிறதா என்பதை வண்டியின் அடிச்சட்ட எண்ணை வைத்து டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத வேலை.

எந்தக் கதவு?

டேஷ்போர்டில் மெசேஜ் சென்டர் என்ற எழுத்துத் திரை உள்ள வண்டியில் எந்தக் கதவு என்று எழுத்திலேயே வந்துவிடும். பழைய வண்டிகளில் நான்கு கதவுக்கும் ஒரே விளக்குதான். அங்கே இப்படிப் பிரித்தறியலாம்.

சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல், ஒவ்வொரு கதவையும் வெளியிலிருந்து இடுப்பால் அழுத்துங்கள். அழுத்தும்போது விளக்கு அணைந்தால் அந்தக் கதவுதான். எதற்கும் அசையவில்லை என்றால் ஸ்கேனர் நல்லது. வண்டியின் சோதனைத் துளையில் (ஓபிடி) செருகும் ஈஎல்எம்327 வகை அடாப்டரோடு, ஃபோர்டு வண்டிகளுக்கான ஃபோர்ஸ்கேன் மென்பொருளை இணைத்தால், பெட்டி ஒவ்வொரு கதவையும் 'திறந்தது', 'மூடியது' என்று எப்படிப் பார்க்கிறது என்பதை நேரலையில் காட்டும். பழைய ஃபோர்டுகளில் பிழைக் குறியீடும் உதவும்: பி1322 என்றால் ஓட்டுநர் கதவின் இணைப்பு எர்த்தில் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டி உடலில்) பட்டிருக்கிறது, பி1330 என்றால் முன்பயணிக் கதவு.

ஸ்கேனர் இல்லையா? அதிகம் திறந்து மூடப்படும் ஓட்டுநர் கதவில் தொடங்குங்கள். சூப்பர் கேப் வகையில் பின்பக்கம் கீல் வைத்த அரைக்கதவு இருக்கும். அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பூட்டுகள். முன்கதவை மூடினால் அரைக்கதவும் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். மேலே பிடித்து, கீழே பிடிக்காமல் நிற்பதுண்டு. முன்கதவைத் திறந்து, அரைக்கதவைத் தனியாக மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள்.

அறிகுறி: விளக்கு நிரந்தரமாக எரிகிறது, உள்விளக்கும் அணையவில்லை

இதுதான் அதிகம் வருவது. கூடவே இவையும் இருக்கும்: ரிமோட்டில் பூட்டு பட்டனை இருமுறை அழுத்தினால் ஹாரன் ஒருமுறைக்குப் பதில் இருமுறை ஒலிக்கும். சாவியை எடுத்த மறுகணமே ரேடியோவும் பவர் விண்டோவும் செத்துவிடும். தானாகப் பூட்டும் வசதி இருந்தால், வண்டி 20 கி.மீ. வேகத்தைத் தாண்டியும் கதவுகள் பூட்டிக்கொள்ளாது. மின்படிக்கட்டு உள்ள உயர்வகைகளில் படி உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டே வரும். இவையெல்லாம் சேர்ந்து வந்தால் டேஷ்போர்டைச் சந்தேகிக்க வேண்டாம். பெட்டியே கதவு திறந்திருப்பதாக நம்புகிறது.

காரணம் பெரும்பாலும் பூட்டுக்குள் பழைய கிரீஸ் தூசியோடு கலந்து பிசினாகிவிடுவது. ஸ்விட்சை அழுத்தும் நெம்பு திரும்பி வராமல் நின்றுவிடும். எனவே கழற்றுவதற்கு முன் சுத்தம் செய்து பாருங்கள்.

கதவைத் திறந்து, பூட்டின் பிளவுக்குள் எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வைத்து ஐந்தாறு விநாடி அடியுங்கள். மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று. கீழே பழந்துணி வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பாக வழியும். எரியக்கூடிய திரவம் என்பதால் எஞ்சின் நின்றிருக்கட்டும், சிகரெட் வேண்டாம். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவர் தண்டால் நாக்கை இரண்டு 'கிளிக்' வரை உள்ளே தள்ளி, வெளிக் கைப்பிடியை இழுத்து விடுவியுங்கள். 20 தடவை இப்படிச் செய்யுங்கள். மறுபடி ஒருமுறை அடித்து, கால்மணி நேரம் காயவிட்டு, நாக்கிலும் ஸ்ட்ரைக்கரிலும் மட்டும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நாக்கு உள்ளே தள்ளிய நிலையில் இருக்கும்போது மறந்துபோய்க் கதவைச் சாத்திவிடாதீர்கள். மூடிய நாக்கு ஸ்ட்ரைக்கரில் மோதினால் பூட்டு வளையும், கதவும் பெயின்ட் இழக்கும். ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் கைப்பிடியை இழுத்து விடுவிப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதும்தான், கொஞ்ச நாளைக்கு. இறுகிய கிரீஸை அது இளக்கிவிடும், அதனால் விளக்கு அணையும். ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் தங்கி அடுத்த தூசியைச் சேர்க்கும். அவசரத்துக்கு அடிக்கலாம். நிலைத்த தீர்வு வேண்டுமானால் காண்டாக்ட் கிளீனர்.

சுத்தம் செய்து இரண்டு நாள் பயன்படுத்தியும் விளக்கு திரும்பினால், அளவெடுக்கும் கட்டம்.

மல்டிமீட்டர் வேலை

பலருக்குத் தெரியாத வசதி ஒன்று: பெட்டிக்குக் கதவு எங்கே நிற்கிறது என்பது தெரியாது, நாக்கு எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியும். ஆகவே கதவை அகலத் திறந்துவைத்து, நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மாற்றி மாற்றியே எல்லாச் சோதனையையும் முடிக்கலாம். குனிந்து, நுழைந்து, கதவிடுக்கில் கையைக் கொடுக்கத் தேவையில்லை.

உட்பக்க டோர் பேடைக் கழற்ற வேண்டும். முதலில் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். கதவுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் சென்சார் உள்ள வண்டிகளில் இது கட்டாயம். பிறகு கைப்பிடிக் குழிக்குள்ளும் உட்கைப்பிடியின் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுங்கள், பெரும்பாலும் 7 அல்லது 8 மி.மீ. தலை. விண்டோ ஸ்விட்ச் தட்டை பிளாஸ்டிக் நெம்பியால் தூக்கி, வயர்களைச் சேர்க்கும் கப்ளரைப் பிடுங்குங்கள். அதன்பின் பேடை வெளியே இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள். கொக்கிகளில் தொங்குவதை நேராக இழுத்தால் கொக்கி உடையும், அப்புறம் கதவு ஆயுள் முழுக்கக் கடகடக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். அதைக் கிழித்தால் மழைநீர் கேபினுக்குள் வரும்.

பூட்டின் கப்ளரைப் பிடுங்கி, ஸ்விட்சின் இரண்டு ஊசிகளிலும் மீட்டரை ஓம் அளவில் வையுங்கள். எவை அந்த இரண்டு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். பவர் லாக் மோட்டாருக்கான தடித்த வயர்கள் ஒரு ஜோடி, மெல்லியவை ஸ்விட்சினுடையவை. வயரிங் படம் கையில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

நாக்கை மூடியும் திறந்தும் பாருங்கள். ஒரு நிலையில் 5 ஓமுக்குக் கீழே, மறு நிலையில் இணைப்பே இல்லை என்று வந்தால் ஸ்விட்ச் நல்லது. இரண்டிலும் ஒரே அளவு வந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. 50, 200, 30 என்று எண் தாவிக்கொண்டே இருந்தால் முனைகள் கரிபிடித்திருக்கின்றன. இன்று சுத்தம் செய்தாலும் சில மாதத்தில் திரும்ப வரும், மாற்றிவிடுவதே மேல்.

ஸ்விட்ச் நல்லது என்று வந்தால் வயர் பக்கம் போக வேண்டும். இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பழைய எஃப்-150களில் கதவு திறக்கும்போது ஸ்விட்ச் அந்த வயரை எர்த்தோடு சேர்க்கும். அப்படிப்பட்ட வண்டியில் கப்ளரைப் பிடுங்கினால் விளக்கு அணைய வேண்டும். ஆனால் எல்லா வண்டிகளிலும் எல்லா ஆண்டுகளிலும் இதே ஏற்பாடு இல்லை. மூடும்போது இணைப்பு கொடுக்கும் ஏற்பாட்டில், கப்ளரைப் பிடுங்கினால் விளக்கு எரியத்தான் செய்யும். இரண்டு ஊசிகளையும் வயரால் இணைத்தால்தான் அணையும். உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய எளிய வழி, கோளாறில்லாத எதிர்க்கதவின் பூட்டு ஸ்விட்சையும் இதேபோல் அளப்பது. நல்ல கதவில் நாக்கு மூடிய நிலையில் என்ன வருகிறதோ அதுவே சரியான விடை.

பேட்டரியை மறுபடி இணைத்துவிட்டு, முன்பு சொன்ன பழைய வகையில் பிடுங்கிய கப்ளரின் வண்டிப்பக்க வயருக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் அளவெடுங்கள். பெட்டி அனுப்பும் வோல்ட் தெரிய வேண்டும். பூஜ்யம் என்றால், வயர் வழியில் எங்கோ எர்த்தைத் தொடுகிறது அல்லது அறுந்திருக்கிறது. தொட்டிருந்தால் விளக்கு விடாமல் எரியும். அறுந்திருந்தால் எரியவே எரியாது.

அறிகுறி: குழியில் விழும்போதும் கதவைத் திறந்து மூடும்போதும் மட்டும் மின்னி மறைகிறது

இரண்டையும் தனித்தனியே பாருங்கள், காரணம் வேறு வேறு.

ஓட்டத்தில் மட்டும் மின்னினால் முதல் சந்தேகம் கதவின் உட்காரும் நிலை. கதவைக் கால்வாசி திறந்து, பின்னோரத்தைக் கீழிருந்து தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆடவில்லை என்றால் ஸ்ட்ரைக்கர். அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டு, நட்சத்திர வடிவத் தலை கொண்ட இரண்டு டோர்க்ஸ் போல்ட்டையும் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, 1 மி.மீ. உட்பக்கம் தட்டி இறுக்குங்கள். ஓட்டிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னொரு மி.மீ. ஒரேயடியாக 3, 4 மி.மீ. நகர்த்தினால் கதவு இறுகி, சாத்துவதற்கே தோள் பலம் வேண்டியிருக்கும். ஸ்ட்ரைக்கரைக் கழற்றி எடுத்துவிடாதீர்கள். பின்னால் இருக்கும் தட்டு நழுவி உள்ளே விழுந்தால் அரைநாள் போகும். ரப்பர் பீடிங் சரியாக அழுந்துகிறதா என்பதற்குத் தாள்துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சுற்றிலும் ஒரே அளவு இறுக்கமாக வர வேண்டும்.

கதவைத் திறந்து மூடும்போது விளக்கு ஏறி இறங்கினால் ரப்பர் குழாய்க்குள் வயர் உடைந்திருக்கிறது. பதினைந்து வருடம் தினமும் மடிந்த வயர் அது. குழாயைத் தூண் பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வயராக மெதுவாக இழுங்கள். வெளியுறை முழுதாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்த வயர் ரப்பர்போல நீளும். அதுதான் ஆள். அநேகமாக அதன் அண்டை வயர்களும் அதே வயதில்தான் இருக்கும். ஒன்றைச் சரிசெய்து மூடினால் அடுத்த மாதம் விண்டோ நிற்கும்.

ஒட்டுப்போடும்போது மடிப்பு விழும் இடத்தில் சால்டரிங் வேண்டாம், ஈயம் ஏறிய செம்பு விறைத்து மறுபடி அங்கேயே உடையும். 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்குப் பல இழை கொண்ட 0.5 சதுர மி.மீ. புது வயரைச் சேர்த்து, ஒரு ஒட்டு கதவுக்குள்ளும் மற்றது தூணுக்குள்ளும் வரும்படி வையுங்கள். பல வயர் என்றால் ஒட்டுகள் ஒரே இடத்தில் குவியாமல் மாற்றி மாற்றி வரட்டும். சூட்டில் சுருங்கி ஒட்டை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை சால்டர் செய்வதற்கு முன்பே கோத்துக்கொள்ள மறக்காதீர்கள். எல்லோரும் ஒருமுறையாவது மறப்பார்கள்.

அறிகுறி: மழைக்குப் பின், அல்லது கடுங்குளிரில் மட்டும்

குளிரில் மட்டும் என்றால் கிரீஸ் இறுகுகிறது, மேலே சொன்ன சுத்தம் போதும். மழைக்குப் பின் என்றால் பூட்டின் கப்ளரைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். பச்சையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசி மூடுங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் கம்பியால் குத்திவிடுங்கள். அடைத்திருந்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும்.

1997 முதல் 2003 வரையிலான எஃப்-150 என்றால் இன்னொன்றும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டி ஓட்டுநர் பக்க டேஷ்போர்டுக்கு அடியில், ஃபியூஸ் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. முன்கண்ணாடி ஓரத்தில் ஒழுகினால் தண்ணீர் அதன்மேல் இறங்கும். அப்போது கதவு விளக்கு மட்டும் எரியாது. வைப்பர் தானாக ஓடும், உள்விளக்கு இஷ்டத்துக்கு எரியும், 4x4 விளக்கு மின்னும். இப்படிச் சம்பந்தமில்லாத நான்கு கோளாறுகள் ஒன்றாக வந்தால் கதவைத் தொடாதீர்கள். முதலில் ஒழுகலை அடையுங்கள், பெட்டியைக் கழற்றிக் காயவைத்துப் பாருங்கள். ஒழுகலை விட்டுவிட்டுப் புதுப்பெட்டி மாட்டினால் அதுவும் அடுத்த மழையில் நனையும்.

அறிகுறி: கதவைத் திறந்தாலும் விளக்கு வருவதில்லை, ரேடியோ நிற்பதில்லை

இது தலைகீழ்க் கோளாறு. யாரும் புகார் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சாவியை எடுத்தபின்னும் பத்து நிமிடம் வரை ரேடியோவுக்கு மின்சாரம் இருக்கும். முன்கதவு திறந்ததும் அது துண்டிக்கப்பட வேண்டும். இறங்கிக் கதவைச் சாத்தியும் பாட்டு ஓடினால், கதவு திறந்ததையே பெட்டி பார்க்கவில்லை. வழி அதே வழிதான்: சுத்தம், ஓம் அளவு, ரப்பர் குழாய் வயர்.

அறிகுறி: உள்விளக்கு எரிகிறது, 'டோர் அஜார்' எரியவில்லை

கதவில் கோளாறு இல்லை. ஹெட்லைட் ஸ்விட்ச் அருகே டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறது. அதைக் கடைசிவரை மேலே தள்ளினால் உள்விளக்கு எரியும். காலால் இடிபட்டோ குழந்தை திருப்பியோ அப்படி நின்றிருக்கும். இதற்காக டோர் பேடைக் கழற்றியவர்களும் உண்டு.

பேட்டரி இறங்குமா?

5 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். அப்படி நான்கு எரிந்தால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. பேட்டரி காப்பு வசதி உள்ள வண்டி சிறிது நேரத்தில் விளக்கை அணைத்துவிடும். ஆனால் தாவித் தாவி மின்னும் ஸ்விட்ச் ஒவ்வொரு முறையும் பெட்டியை எழுப்பி, காப்புக் கடிகாரத்தைத் திரும்பத் தொடங்க வைக்கும். நிரந்தரக் கோளாறைவிட விட்டுவிட்டு வரும் கோளாறு பேட்டரியை அதிகம் தின்பது இதனால்தான். நிறுத்திய வண்டியில், பெட்டிகள் உறங்கியபின், இழுவை 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

பூட்டை மாற்றுவது

சில ஆண்டுகளின் வண்டிக்கு ஸ்விட்ச் தனியாகக் கிடைக்கும். பலவற்றுக்குப் பூட்டோடு சேர்த்துத்தான். கதவு, பக்கம், பவர் லாக் உண்டா இல்லையா என்ற மூன்றையும் சொல்லி வாங்குங்கள். கதவு ஓரத்தில் மூன்று டோர்க்ஸ் ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் டி30. பெயின்ட்டும் பசையும் பிடித்திருக்கும் என்பதால் பிட்டை முழுதாக உள்ளே தட்டி உட்காரவைத்துத் திருப்புங்கள். தலை வழுக்கிவிட்டால் துளையிடுவதைத் தவிர வழியில்லை. கம்பிகளைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பித்தான் விடுவிக்க வேண்டும், இழுத்தால் ஒடியும். கழற்றும் முன் எந்தக் கம்பி எந்தத் துளையில் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பூட்டைக் கதவுக்குள் நுழைக்கும் முன்பே கப்ளரில் மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் நாக்கை மூடி, விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். தரமில்லாத உதிரிபாகம் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபோதே கெட்டிருப்பது நடக்காததல்ல.

வயரை வெட்டி விளக்கை அணைத்துவிடலாமா?

முடியும். பழைய வகையில் ஒரு வயரை வெட்டினால் போதும். ஆனால் அந்தக் கதவு ஓட்டத்தில் பாதிப் பிடிப்பில் நின்றாலும் எச்சரிக்கை வராது. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாது. கதவு திறந்திருப்பதே பெட்டிக்குத் தெரியாததால், சாவி உள்ளே இருக்கும்போது பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பின்கதவு ஓரம் குழந்தை உட்காரும் வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம். பாகம் வந்து சேரும் வரை பேட்டரியைக் காப்பாற்றத்தான் என்றால், வெட்டுவதற்குப் பதில் கப்ளரிலிருந்து அந்த ஒரு ஊசியை மட்டும் எடுத்து டேப் சுற்றி வையுங்கள், திரும்பப் போடலாம்.

எல்லாம் மாட்டியபின் நான்கு கதவையும் சாத்தி, வெளியே நின்று ரிமோட்டில் பூட்டு பட்டனை மூன்று விநாடிக்குள் இருமுறை அழுத்துங்கள். ஹாரன் ஒருமுறை ஒலித்தால் வேலை முடிந்தது. இருமுறை ஒலித்தால் இன்னொரு கதவு மிச்சமிருக்கிறது.